எதுவுமே எடுக்காத திருடன்!

"ஆ...!"

மூன்றாவது மாடியில் கிளம்பிய அலறல், படிக்கட்டு வழியாக இறங்கி, கீழ்வீட்டு லிப்போல்ட் அம்மாளின் சமையலறை வரை வந்து சேர்ந்தது.

1986, நவம்பர். கம்யூனிஸ்ட் ஜெர்மனியின் லைப்சிக் நகரம். செவ்வாய்க்கிழமை, மாலை நாலு பத்து.

லிப்போல்ட் அம்மாள் உருளைக்கிழங்கு சீவிய கத்தியோடு மாடியேறினாள். அந்தக் கட்டடத்துக்கு யார் வந்தார், எத்தனை நாள் தங்கினார் என்று எழுதி வைக்கும் வீட்டுப் பதிவேடு அவள் பொறுப்பில் இருந்தது. அதில் ஏறாத எதுவும் அங்கே நடக்கக் கூடாது... கொலை உட்பட!

கதவு திறந்து கிடந்தது. சமையலறை நடுவில் கையில் ஒரு தகர டப்பாவோடு நின்றாள் ரோஸ்விதா. வயது முப்பத்து நாலு. முகத்தில் சொட்டு ரத்தமில்லை.

"என்னம்மா? பொணமா?"

"இல்லக்கா."

"திருடனா? என்ன போச்சு?"

"ஒண்ணும் போகலக்கா."

"பின்ன எதுக்கு அந்தக் கத்து கத்தினே?"

"சர்க்கரை டப்பாவுல காபித்தூள் இருக்குக்கா!"

லிப்போல்ட் அம்மாள் டப்பாவை எட்டிப் பார்த்தாள்.

"அப்ப காபி டப்பாவுல?"

"சர்க்கரை!"

"நேரத்தோட படுத்துத் தூங்கு, பொண்ணே" என்று சொல்லிவிட்டு அவள் இறங்கிப் போய்விட்டாள். உருளைக்கிழங்கு தீய்ந்துகொண்டிருந்தது.

ரோஸ்விதாவுக்குத் தூக்கத்தில் குறை ஒன்றுமில்லை. போன செவ்வாய்க்கிழமை சுவர்க் கடிகாரம் பத்து நிமிடம் முன்னால் ஓடியது. போன வியாழக்கிழமை டவல்கள் எல்லாம் இடமும் வலமும் மாறித் தொங்கின. இன்றைக்கு இது. பூட்டு உடையவில்லை. ஒரு கரண்டிகூடக் காணாமல் போகவில்லை.

அவள் பார்வை தானாகவே கணப்படுப்பின் பக்கம் போனது. அடுப்புக்கு அருகே கரிக்கூடை. கூடை நிறைய நிலக்கரிக் கட்டிகள்.

கட்டிகளுக்கு அடியில்... நாற்பது பிரதிகள்!

ஊருக்குள் ஓடும் ஆறு ஏன் நாறுகிறது, அதில் என்னென்ன கலக்கிறது என்று பதினோரு பக்கம். மெல்லிய தாளில், கார்பன் வைத்து, எட்டு எட்டாக ஐந்து தடவை டைப் அடித்தவள் அவள்தான். வியாழன் மாலை ஆறு மணிக்குச் சர்ச்சில் வெளியூர் ஆட்கள் வந்து வாங்கிப் போவார்கள். அதற்கு முன்னால் கூடை யார் கண்ணிலாவது பட்டால், ரோஸ்விதாவுக்கு ரெண்டு வருடம் சிறை.

ஆற்றைப் பற்றி உண்மை சொல்வதற்கு அந்த நாட்டில் அதுதான் தண்டனை.

கதவு தட்டப்பட்டது. டீட்மார்!

சர்ச்சில் ஆர்கன் வாசிப்பவன். பதினோரு வருட நண்பன். தாடி நிறையக் கவலை. உள்ளே வந்ததும் அவன் செய்த முதல் வேலை, ரேடியோவை அலற வைத்தது. இரண்டாவது வேலை, குழாயைத் திறந்துவிட்டது. அதற்குப் பிறகுதான் வாயைத் திறந்தான்.

"அவங்கதான்!" என்றான்.

அவங்க என்றால் அவங்க. ரகசியப் போலீஸின் பெயரை அந்த நண்பர்கள் வட்டத்தில் யாரும் உச்சரிப்பதில்லை. அவர்களுடைய காது சுவரில் இருக்கிறதா, விளக்கில் இருக்கிறதா என்று ஆளுக்கொரு ஆராய்ச்சி நடந்துகொண்டிருந்தது. போன மாதம் ஒரு நண்பர் தன் பூனையின் கழுத்துப் பட்டையையே பிரித்துப் பார்த்துவிட்டார்.

"எதுக்கு டீட்மார்? சர்க்கரையை மாத்தி வச்சா அரசாங்கத்துக்கு என்ன லாபம்?"

"உனக்குப் பைத்தியம் பிடிக்கணும். வெளிய போய்ச் சொன்னா ஊரே சிரிக்கணும். அதான் லாபம். பிரதியெல்லாம் எங்க வச்சிருக்கே?"

"பத்திரமா இருக்கு."

"எரிச்சிடு!"

"பிரதி இருக்கிறது அவங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது!" என்றான் டீட்மார், பட்டென்று.

"உனக்கெப்படித் தெரியும்?"

"அ... அது... தெரிஞ்சிருந்தா டவலையா மாத்துவாங்க? உன்னையில்ல தூக்கியிருப்பாங்க!"

நியாயம்தான். ரோஸ்விதா குழாயை மூடினாள். ரேடியோவை அணைத்தாள். கோட்டை எடுத்து மாட்டினாள்.

"எங்க கிளம்பிட்டே?"

"போலீஸ் ஸ்டேஷனுக்கு."

டீட்மாரின் தாடி நடுங்கியது. "உனக்கு நிஜமாவே பைத்தியம் பிடிச்சிடுச்சா?"

"வீட்டுக்குள்ள ஆள் பூந்தா போலீஸ்லதானே சொல்லணும்? அவங்க யாருன்னு எனக்குத் தெரியாதுப்பா. நான் ஒரு சாதாரணப் பிரஜை!"

பயத்துக்கு நடுவிலும் அவளுக்குச் சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்பு வந்த பிறகு அவளை யாராலும் நிறுத்த முடியாது.

* * *

பகுதிப் போலீஸ் அதிகாரி பெட்சோல்டுக்கு ஐம்பத்து மூன்று வயது. தொந்தி அதற்கும் மேல் என்று தோன்றும். பகுதியில் யார் வீட்டுச் சைக்கிளுக்கு மணி இல்லை என்பது வரைக்கும் தெரிந்த மனிதர். அவர் தலைக்கு மேல் சுவரில் ஒரு சான்றிதழ் தொங்கியது. 'மூன்றாண்டுகளாகத் திருட்டு இல்லாத பகுதி.'

"காணாமப் போன பொருள்?" என்றார், பேனாவைத் திறந்து.

"எதுவுமில்ல சார்."

"சேதம்?"

"இல்ல சார்."

"அப்ப குற்றம் எங்கம்மா?"

"என் அனுமதியில்லாம உள்ள வந்ததே குற்றம்தானே சார்? சட்டத்துல இல்லையா?"

"இருக்கு" என்று ஒப்புக்கொண்டார் பெட்சோல்ட். "ஆனா வீட்டுக்காரங்க எழுதிக் கொடுத்தாத்தான் கேஸு. அவங்களே வாபஸ் வாங்கினா கேஸு காலி."

"எழுதிக் கொடுக்கறேன் சார்."

ரோஸ்விதா அவர் முகத்தையே கவனித்தாள். இவரும் அவங்கதானா? தெரிந்துகொண்டே நாடகம் ஆடுகிறாரா? அவர் முகத்தில் ஒரே ஒரு கவலைதான் தெரிந்தது. அவர் அண்ணாந்து சான்றிதழைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என் ஏரியாவுல!" என்று உறுமினார். "எந்தெந்தக் கிழமை வர்றான்?"

"செவ்வாய், வியாழன். அன்னிக்கெல்லாம் எனக்கு முழுநாள் வேலை."

"அப்ப வியாழக்கிழமை நானும் வர்றேன். உங்க அலமாரி எவ்வளவு அகலம்மா?"

ரோஸ்விதாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. புகார் எழுதி வாங்கிக்கொண்டு மறந்துவிடுவார்கள் என்றுதான் கணக்குப் போட்டிருந்தாள். இப்போது போலீஸே வீட்டுக்குள் வந்து உட்காரப் போகிறது... கரிக்கூடைக்குப் பக்கத்தில்!

* * *

வியாழன். ரோஸ்விதா வேலைக்கு லீவு சொல்லியிருந்தாள். காலை எட்டு மணிக்கே பெட்சோல்ட் வந்துவிட்டார். சாப்பாட்டுப் பொட்டலம் ஒரு கையில், கைவிலங்கு ஒரு கையில்.

முந்தின நாளே பிரதிகளை இடம் மாற்றியிருக்கலாம். ஆனால் லிப்போல்ட் அம்மாள் படிக்கட்டிலேயே குடியிருந்தாள். புகாரைப் பற்றிப் பெட்சோல்ட் வந்து விசாரித்துவிட்டுப் போனதிலிருந்து அவளுக்கு வேறு வேலையே ஓடவில்லை.

"குளிருதேம்மா" என்றார் பெட்சோல்ட்.

"ஆமா சார்..."

"அடுப்புல ரெண்டு கட்டி போடலாமா?"

அவள் பாய்ந்து கூடையை மறைத்தாள். "நான் போடறேன் சார்! நீங்க உக்காருங்க!"

ரெண்டு கட்டி போட்டாள். ஒன்பதரைக்கு அவருக்கு மறுபடி குளிர்ந்தது. பத்தேகாலுக்கு மறுபடி. மனிதர் உடம்பில் இவ்வளவு கொழுப்பு இருந்தும் ஏன் இப்படிக் குளிர்கிறது என்று அவளுக்கு ஆத்திரமாக வந்தது. அடுக்கடுக்காகக் கரி குறைந்தது. பத்தே முக்காலுக்குக் கூடையில் மிச்சமிருந்தது ஒரே ஒரு வரிசை. அதற்குக் கீழே ஆறு நாறிக்கொண்டிருந்தது.

"இன்னும் ஒரே ஒரு..." என்று எழுந்தார் பெட்சோல்ட்.

கிளிக்!

வாசல் பூட்டில் சாவி!

பெட்சோல்ட் ஒரே தாவலில் அலமாரிக்குள் போனார். அலமாரி முனகியது. ரோஸ்விதா படுக்கையறைக் கதவுக்குப் பின்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

ஒரு ஆள் உள்ளே வந்தான். சாம்பல் நிற ஜாக்கெட், மணிக்கட்டில் தோல் பை. ஷூவைக் கழற்றி வாசலுக்கு வெளியே அழகாக ஜோடி சேர்த்து வைத்துவிட்டு வந்திருந்தான். இடது காலுறையில் கட்டைவிரல் எட்டிப் பார்த்தது.

பையிலிருந்து ஒரு துண்டுச் சீட்டை எடுத்தான். உதடு அசையப் படித்தான்.

"கரிக்கூடை... அடுப்புக்கு இடப்பக்கத்துலேர்ந்து... வலப்பக்கம்."



அவன் குனிந்தான். கூடையைத் தூக்கினான்...

"அசையாதே!"

அலமாரிக் கதவு படாரென்று திறக்க, உள்ளேயிருந்து ரெண்டு பாவாடையும் ஒரு போலீஸ் அதிகாரியும் வெளியே விழுந்தார்கள். அந்த ஆள் சுதாரிப்பதற்குள் விலங்கு மாட்டியாகிவிட்டது.

"என்னைத் தொடாதே! நான் யார் தெரியுமா?" அவன் ஜாக்கெட்டிலிருந்து ஒரு மடிப்பு அட்டையை நீட்டினான். "கேப்டன் ஓர்ட்லெப்! அரசுப் பாதுகாப்பு..."

"இந்த மாதிரி அட்டையைக் காட்டித்தான் போன வருஷம் ஒருத்தன் ஆறு ஹோட்டல்ல ஓசியில வறுத்த வாத்து தின்னான்" என்றார் பெட்சோல்ட் அமைதியாக. "அச்சு அசல் இதே அட்டை. நடங்க."

"யோவ், நிஜ அட்டைய்யா இது!"

"நிஜமான அதிகாரி எதுக்குய்யா இன்னொருத்தர் வீட்டுக் கரிக்கூடையைக் காலுறையோட தூக்கறாரு?"

கேப்டனிடம் அதற்குப் பதில் இருந்தது, ஆனால் அது அரசாங்க ரகசியம்.

பெட்சோல்ட் ரோஸ்விதாவின் பக்கம் திரும்பினார்.

"கையும் களவுமா இந்தக் கூடையோட பிடிபட்டிருக்கான். இது சான்றுப் பொருள். ஸ்டேஷனுக்கு எடுத்துட்டுப் போகணும்மா!"

* * *

ஸ்டேஷன்.

மேஜைமேல் கரிக்கூடை. அதன் கைப்பிடியில் ஒரு நம்பர் சீட்டு. பக்கத்துப் பெஞ்சில் கேப்டன் ஓர்ட்லெப், வெறும் காலுறையோடு. வாசலில் விட்ட ஷூவை லிப்போல்ட் அம்மாள் 'பதிவேட்டில் கையெழுத்துப் போட்டால்தான் தருவேன்' என்று எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள்.

"இந்த நம்பருக்குப் போன் போடு! ஒரே நிமிஷத்துல தெரிஞ்சிடும்!" என்றான் கேப்டன்.

பெட்சோல்ட் நம்பரைச் சுழற்றினார். பேசினார். கேட்டார். ரிசீவரை மெதுவாக வைத்தார்.

"அப்படி ஒரு ஆளே இல்லையாம்."

"என்னது?!"

"ஓர்ட்லெப்னு யாரையும் தெரியாதாம். திரும்பப் போன் பண்ணாதேன்னு வேற சொன்னாங்க."

"பேரைச் சொல்லிக் கேட்டா இல்லைன்னுதான்யா சொல்வாங்க! அதான் விதி! அந்த விதியைப் பயிற்சி வகுப்புல நடத்தறதே நான்தான்யா!"

"நல்லா நடத்தியிருக்கீங்க" என்றார் பெட்சோல்ட். அவர் மீசைக்கடியில் ஏதோ துடித்தது. சிரிப்பா, குளிரா என்று ரோஸ்விதாவால் கண்டுபிடிக்க முடியவில்லை.

"ஒரு மணிக்கு அறிக்கை மாவட்டத் தலைமைக்குப் போகணும். அதுக்கு முன்னால சான்றுப் பொருளை எண்ணி எழுதணும். கூடை ஒண்ணு. கட்டி எத்தனைன்னு பாத்துடலாம். பக்கத்து ரூம்லேர்ந்து ஃபாரம் எடுத்துட்டு வந்துடறேன்."

கதவு சாத்திக்கொண்டது. அறையில் இரண்டே பேர்... ஒரு கூடை!

அவளுக்கு உள்ளங்கை வேர்த்தது. ஆனால் எதிரே இருந்தவனுக்கு அதைவிட அதிகமாக வேர்த்துக்கொண்டிருந்தது. இத்தனை வருடம் சுவரிலும் விளக்கிலும் தேடிய பூதம் இதுதானா? கட்டைவிரல் தெரியும் காலுறையோடு நகத்தைக் கடிக்கும் இந்த ஆளா?

"கேப்டன்" என்றாள் மெதுவாக. "அறிக்கை போனா உங்களுக்கு என்ன ஆகும்?"

"கடலோரத்துல ஏதாவது ஒரு மீன்பிடிக் கிராமத்துக்குத் தூக்கி அடிப்பாங்க" என்றான் அவன், அழாத குறையாக. "பகுதிப் போலீஸ்காரன் கிட்ட மாட்டினவன்னு ரிட்டயர் ஆகற வரைக்கும் சிரிப்பாங்க. அம்மா... தாயே... புகாரை வாபஸ் வாங்கிடேன்."

"வாங்கலாம். உங்ககிட்ட கார் இருக்கா?"

"ரெண்டு தெரு தள்ளி நிக்குது."

"சர்ச்ல ஆர்கன் வாசிக்கறவருக்குக் குளிர்ல விரல் விறைச்சுப் போகுது. இந்தக் கரியைக் கொண்டுபோய்க் கொடுக்கணும். ஆனா வாசல்ல உங்க ஆளுங்க ரெண்டு பேர் எல்லார் பையையும் பிரிச்சுக் கொட்டறாங்க. நீங்களே தூக்கிட்டு வந்தா..."

கேப்டனின் கண் சுருங்கியது. "வெறும் கரிதானே?"

"நீங்கதானே தூக்கிப் பாத்தீங்க?"

கேப்டன் கூடையைப் பார்த்தான். கடிகாரத்தைப் பார்த்தான். கதவுக்கு வெளியே பெட்சோல்டின் பூட்ஸ் சத்தம்.

"சரி!"

பெட்சோல்ட் ஃபாரத்தோடு வந்தார். ரோஸ்விதா எழுந்தாள்.

"புகாரை வாபஸ் வாங்கிக்கறேன் சார்."

"ஏம்மா?"

"இப்படி ஒரு ஆளே இல்லைன்னு சொல்லிட்டாங்களே சார். இல்லாத ஆள் மேல எப்படிக் கேஸ் போடறது?"

பெட்சோல்ட் ஃபாரத்தை மடித்துப் பையில் போட்டுக்கொண்டார். பிறகு நம்பர் சீட்டைக் கைப்பிடியிலிருந்து பிய்த்தார்.

"கேஸ் இல்லன்னா சான்றுப் பொருளும் இல்ல. எண்ணவும் வேண்டியதில்ல. எடுத்துட்டுப் போங்க." அவர் அண்ணாந்து சான்றிதழைப் பார்த்துக்கொண்டார். "திருட்டும் நடக்கல!"

* * *

மாலை ஐந்தே கால். சர்ச் வாசல்.

எதிரே நின்ற காரில் ரெண்டு பேர் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார்கள். மூன்று நாளாக அதே பக்கம். கேப்டன் ஓர்ட்லெப் கூடையைக் கட்டிப்பிடித்துத் தூக்கிக்கொண்டு வருவதைப் பார்த்ததும் ஒருவன் பதறி இறங்கினான்.

"தோழர் கேப்டன்! நான் தூக்கட்டுமா?"

"வாயை மூடு! என்னைத் தெரிஞ்ச மாதிரி காட்டிக்காதே!"

அவன் சட்டென்று வானத்தைப் பார்த்தான். பின்னால் வந்த ரோஸ்விதா, அவனுக்கு மாலை வணக்கம் சொல்லிவிட்டே படியேறினாள்.

அவளுக்கு ஆடவேண்டும் போலிருந்தது. நாற்பது பிரதிகள்! அரசாங்கப் பெட்ரோலில், அரசாங்கக் கையால்! டீட்மாரிடம் இதைச் சொன்னால் எப்படிச் சிரிப்பான்!

உள்ளே அரையிருட்டு. கேப்டன் முன்னால் போனான். அவள் ஒரு தூண் அளவு பின்தங்கியிருந்தாள்.

ஆர்கனுக்கு முன்னால் உட்கார்ந்திருந்த டீட்மார் திரும்பினான். கேப்டனைப் பார்த்தான். எழுந்து நின்றுவிட்டான்.

"தோழர் கேப்டன்! இங்கேயே வந்துட்டீங்களா? நம்ம சந்திப்பு நாளைக்குத்தானே... வெள்ளிக்கிழமை? யாராவது பாத்துட்டா என் கதி என்ன?"

ரோஸ்விதா தூணைப் பிடித்துக்கொண்டாள்.

பதினோரு வருடம். அவள் வேலை போனபோது கூட நின்றவன். அவள் அம்மாவின் சவப்பெட்டிக்குத் தோள் கொடுத்தவன்.  வாயிலிருந்து வந்த குரல் அவளுக்கே புதிதாக இருந்தது.

"எத்தனை வருஷமாடா?"

டீட்மார் அவளைப் பார்த்தான். தாடிக்குள் முகம் வெளுத்தது.

"ரெண்டு... ரெண்டு வருஷம். என் தம்பி எல்லை தாண்டப் பாத்து மாட்டிக்கிட்டானில்ல... அப்ப கையெழுத்து வாங்கிட்டாங்க. வாராவாரம் உன்னைப் பத்தி ஏதாவது சொல்லணும். நான் ஒண்ணும் சொல்லல ரோஸ்விதா! சத்தியமா! டவல் எந்தப் பக்கம் தொங்குது, சர்க்கரை எந்த டப்பாவுல இருக்கு... இதை மட்டும்தான் சொன்னேன்! இதை வச்சு இவங்க என்ன கிழிச்சிடப் போறாங்கன்னு நினைச்சேன்!"

"கிழிச்சாங்களே!" என்றாள் அவள். கண் கலங்கியது. ஓங்கி அறையலாம் என்றுதான் கையைத் தூக்கினாள். ஆனால் ரெண்டு வருடமாக இந்தக் கோழை, ஆற்றைப் பற்றி ஒரு வார்த்தை, பிரதிகளைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல், சர்க்கரை டப்பாவை வைத்தே அரசாங்கத்தைச் சமாளித்திருக்கிறான் என்பதும் புரிந்தது. தூக்கிய கை பாதியில் நின்றது.

தடால்!

கேப்டனால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. கூடையைக் கீழே வைத்துவிட்டான். ரெண்டு கரிக்கட்டிகள் உருண்டு விலகின. அடியில் ஒரு மெல்லிய தாளின் மூலை. அதில் கார்பன் எழுத்துகள்.

கேப்டன் குனிந்து தலைப்பைப் படித்தான்.



கேப்டன் வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தான். வெளியே ரெண்டு சாட்சிகள். கூடையை யார் தூக்கி வந்தார் என்று இருவருக்கும் தெரியும். யார் காரில் வந்தது என்றும் தெரியும். அவன் நிதானமாக நிமிர்ந்தான். வழியில் வாங்கி மாட்டியிருந்த புது ஷூவின் நுனியால் ஒரு கட்டியைத் தள்ளித் தாளை மறைத்தான்.

"கரி" என்றான் வறண்ட குரலில். "நல்ல கரி."

"தோழர்..." டீட்மார் எச்சிலை விழுங்கினான். "நாளைக்கு ரிப்போர்ட் கொடுக்கணுமே. இவங்களைப் பத்தி நான் என்ன எழுதட்டும்?"

"என்னை ஏன்யா கேக்கறே?" என்று எரிந்து விழுந்த கேப்டன், ரோஸ்விதாவைக் கை காட்டினான். "இனிமே அவங்க சொல்லச் சொல்ல நீ எழுது, நான் கையெழுத்துப் போடறேன்!"